கரகம் நிற்கிற வரிசை

"அத்த எடுத்துடுடி" என்று சின்னம்மா போனில் சொன்னபோது நான் திருச்சானூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில், மூன்று பேர் உட்காரும் இடத்தில் நாலாவது ஆளாக நசுங்கிக்கொண்டிருந்தேன். மடியில் யாரோ ஓர் அம்மாவின் பூக்கூடை வேறு.

"எத்த சின்னம்மா?"

"அதான், நீ நெட்ல போட்டியே, நம்ம தண்ணியப் பத்தி. வாட்ஸப்ல போட்டத எடுக்கறாங்களே, அந்த மாதிரி எடுத்துடு."

"அத்த எடுக்க முடியாது."

"நீதான போட்ட?"

"நான்தான்."

"அப்ப நீயே எடு. பொண்ணு கல்யாணம் நின்னுடும்போலக் கீது" என்றவள் என் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள். பூக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கூடையைத் தன் மடிக்கே எடுத்துக்கொண்டாள்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. நகரிப் பக்கம் ஓர் ஊரில், நெசவுக்காரர் தெருவில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு ஒரே பெண். என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று என் பின்னாலேயே சுற்றி வளர்ந்தவள். அவளுக்கு நாராயணவனம் தாண்டி ஓர் ஊரில் மாப்பிள்ளை பார்த்து, தட்டு மாற்றி, தை மாதத்தில் முகூர்த்தம் என்று பேசியிருந்தார்கள். ஊர் பேரும் ஆள் பேரும் நான் சொல்லப்போவதில்லை. பேர் சொல்லாமல் எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. அப்படி எழுதிக் கிழித்த லட்சணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

நான் போட்டது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. சாயப்பட்டறைக் கழிவு ஓடுகிற தெருக்களில் போர்வெல் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, அதைக் குடிக்கிற வீடுகளில் என்னென்ன உபாதைகள் என்று எழுதியிருந்தேன். கை கால் தோல் வெடிப்பது, வயிற்றெரிச்சல், கர்ப்பம் தங்காமல் போவது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று முடித்திருந்தேன். அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லை எவ்வளவு பாடுபட்டு அங்கே வைத்தேன் தெரியுமா? அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஜனங்கள் படித்தார்கள்.

படித்தார்கள் என்றால், படிக்க முடிந்தது. அதுதான் நான் பிடிவாதமாகச் செய்த காரியம். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், எங்களைப் போலவே சாயம் போடுகிற ஓர் ஊரின் ஜனங்களைப் பற்றி எங்கேயோ இருக்கிறவர்கள் எழுதிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. தலைப்பைப் பார்த்ததும் என் அப்பா, எங்கள் நைனாவின் வெடித்த கைதான் ஞாபகம் வந்தது. ஆசையாகத் திறந்தால் பூட்டு. காசு கட்டினால்தான் உள்ளே விடுவானாம். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அந்தப் பத்திரிகை கிடையாது. எங்களைப் போன்றவர்களின் ரத்தத்தையும் மூத்திரத்தையும் எடுத்துப் பார்த்து எழுதிவிட்டு, அதைப் படிக்க எங்களிடமே வசூல். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஹாஸ்டலில் சோறு இறங்கவில்லை. நான் எழுதினால் எவனும் பூட்டுப் போடாத இடத்தில்தான் எழுதுவேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

அப்படித்தான் செய்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், பிறருக்கு அனுப்பலாம், மொழிபெயர்க்கலாம் என்று உரிமம் கொடுக்கிற பத்திரிகையாகப் பார்த்து அனுப்பினேன். கட்டுரை மட்டும் போதாது, அளந்த விவரம் எல்லாவற்றையும் கூடவே பொதுவில் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கென்ன, வைத்தால் போயிற்று என்று வைத்தேன். வீட்டுக்காரர் பேர் இல்லை, கதவு எண் இல்லை, தெருப் பேரும் இல்லை. போர்வெல் ஒன்று, போர்வெல் இரண்டு என்று வெறும் எண்கள்தான்.

அந்த எண்களை நான் போட்ட விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் ஜாத்திரையில் அம்மன் கரகம் வீடு வீடாக நின்றுதான் போகும். வரிசையாகப் போகாது. கோடி வீட்டில் தொடங்கும், எதிர்ச் சாரிக்குப் போகும், திரும்ப இந்தப் பக்கம் வந்து இரண்டு வீடு விட்டு நிற்கும். எந்தக் காலத்தில் யார் யாருக்கு மரியாதை செய்தார்களோ, அந்த வரிசை. ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுத் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கரகக்காரர் காலில் ஊற்றுவார்கள். அந்த வரிசை மாறினால் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. நான் தண்ணீர் எடுக்கப் போன முதல் நாளே கோடி வீட்டுப் பெரியம்மா, "எங்க வூட்ட வுட்டுட்டு எதுத்த வூட்ல மொதல்ல எடுத்தியாமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்கு வம்பு என்று மறுநாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கரகம் நிற்கிற வரிசையிலேயே புதிதாக எடுத்தேன். எடுத்த வரிசையில் பாட்டிலுக்கு எண் எழுதினேன். பாட்டிலில் இருந்த எண்தான் கட்டுரைக்கும் போனது.

என் ஆராய்ச்சிக்குக் கைடு தெலுங்குக்காரர், கெட்டிக்காரர். தெருவின் வரைபடத்தையும் என் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண்கள் இங்கும் அங்குமாகத் தாவியிருந்ததைப் பார்த்து, "பாக உந்தம்மா" என்று பாராட்டினார், நன்றாக இருக்கிறதாம். யாராலும் இது எந்த வீடு என்று கண்டுபிடிக்க முடியாது என்றார். கட்டுரையைச் சோதித்த வெளிநாட்டுக்காரர்களும் அதையே எழுதினார்கள். எனக்கும் அப்போது உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வரிசை அது. அது ஒரு வரிசை என்றே தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

கட்டுரை வெளியான வாரம் நானே பெருமையாக எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் அதைப் போட்டேன். யாரும் படிக்கலாம், காசு வேண்டாம் என்று தமிழில் ஒரு வரி வேறு எழுதினேன். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் எண் தெரியுமே. ஒரே சாயங்காலத்தில் தெரு முழுக்க விரல் விட்டு எண்ணிவிட்டார்கள். கரகம் ஒன்பதாவதாக நிற்பது சின்னம்மா வாசலில். ஒன்பதாம் எண்ணுக்கு நேராகத்தான் எல்லாவற்றிலும் மோசமான அளவுகள் இருந்தன. பக்கத்திலேயே அந்த வீட்டின் உபாதைகளும் இருந்தன, சின்னம்மாவுக்கு இரண்டு தடவை தங்காமல் போனது உட்பட. அதை அவள் என்னிடம்தான் சொல்லியிருந்தாள், சமையலறையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

மாப்பிள்ளை வீட்டுக்கு அதை யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அனுப்புவதற்கு அனுமதி கொடுத்தது நான்தானே, யாரைப் போய்க் கேட்பது? மாப்பிள்ளையின் அண்ணன் சென்னையில் கம்பெனி வேலை. அவர் போனிலேயே அதைத் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றிப் படித்து அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்: பெண் பிறந்ததிலிருந்து குடித்தது இந்தத் தண்ணீர், அம்மாவுக்கே இப்படி, பெண்ணுக்கு என்ன ஆகுமோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேச வந்தார்கள். எழுதினவளும் இருக்க வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். சின்னம்மா எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், பிறகு காப்பி. யாரும் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பையிலிருந்து கடையில் வாங்கின தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மூடினார். சின்னம்மா அந்த டம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்காமல் போனவர்கள் யாரும் கிடையாது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"ஏமம்மா, நீ எழுதினது நெஜந்தான?" என்று அவர் என்னைக் கேட்டார். கோபமில்லை. நிதானமான மனிதர், தறிக்கொட்டகை வைத்திருப்பவர்.

சின்னம்மா என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல், அது போதும் என்று அவள் கண் சொன்னது. இல்லை என்று சொன்னால் தெருவிலுள்ள அத்தனை வீட்டுத் தண்ணீரும் நல்ல தண்ணீர் ஆகிவிடும், பட்டறைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆமாம் என்றால் இந்தப் பெண்ணின் கல்யாணம் போகும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுவர். அதில் ஒரு சுவர் நான் கட்டியது.

"தண்ணி கெட்டிருக்குதுன்றது நெஜம் மாமா. பொண்ணுக்கு எதுனா ஆவும்னு நான் எழுதல."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

அவ்வளவுதான், எனக்கு வாய் நிற்கவில்லை. "உங்க ஊர்த் தண்ணிய யார்னா எடுத்துப் பாத்தாங்களா? பாக்காத தண்ணி எல்லாம் நல்ல தண்ணிதான். எங்க தெருவுல நான் பொறந்தேன், அதனால பாத்தேன். உங்க தெருவுல எவளும் பாக்கல, அவ்ளோதான் வித்தியாசம்."

சின்னம்மா என் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டு, "சரே, வந்து பாரு" என்றார். "எங்க வூட்டு போரு, நீயே எடு. ஆனா ரிசல்ட்டு என் கைக்குத்தான் வரணும். நெட்ல கிட்ல போடக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். பூட்டே கூடாது என்று கத்திக்கொண்டிருந்தவள், நாலு பேர் முன்னால் பூட்டுக்குத் தலையாட்டினேன்.

அவர்கள் ஊருக்குப் பாட்டில்களோடும் ஐஸ் பெட்டியோடும் போனேன். தண்ணீர் எடுக்க வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் விதி. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி மோர் கொண்டுவந்தாள். நான் ஒரே மூச்சில் குடித்துக் காட்டினேன். அவர்கள் எங்கள் வீட்டில் செய்யாததை நான் செய்கிறேன் பார் என்ற திமிர். வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாயில் அன்றைக்கு நீல நிறம். கண்ணால் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மோரை எந்தத் தண்ணீர் விட்டுக் கடைந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ரிசல்ட் வந்தது. எங்கள் ஒன்பதாம் எண்ணுக்குக் குறையவில்லை. இரண்டு அளவுகளில் அதைவிட மோசம்.

அவர்கள் திருச்சானூர் தாயாருக்கு முதல் கல்யாணப் பத்திரிகை வைக்க வருவதாக இருந்தார்கள், சம்பந்தம் முறியாது என்றால். நான் கோயிலுக்கு வெளியே கடைகளுக்கு நடுவே அவரைப் பார்த்துத் தாளைக் கொடுத்தேன். எது எவ்வளவு இருக்கலாம், எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கையை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன், தோல் வெடித்திருந்தது.

"இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்மா. என் சம்சாரத்துக்குக்கூடத் தெரிய வாணாம். பயந்துக்குவா. அக்கம் பக்கத்துல தெரிஞ்சா கஷ்டம், எங்களுக்கும் கட்டிக்குடுக்க ஒரு பொண்ணு கீது" என்றார். பிறகு, "கல்யாணம் நடக்கும். இனிமே எங்க வூட்ல யாரும் உங்க தண்ணியப் பத்திப் பேச மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்.

எல்லாரும் படிக்கட்டும் என்று நான் போட்டது ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது. ஒருத்தரும் படிக்கக் கூடாது என்று கொடுத்தது அதை நடத்தி வைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சின்னம்மாவுக்குப் போன் செய்தபோது அவள் அழுதாள், நானும் அழுதேன். அறைக்கு வந்த பிறகுதான் அந்தப் பெண் போய்க் குடிக்கப்போவது அந்தத் தண்ணீரை என்பது என்னை வந்து பிடித்தது. வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் அனுப்பினால் நான் மனுஷியா?

சொன்னேன். வாக்கை அந்த அளவுக்கு மீறினேன். மொட்டை மாடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் இதேதாண்டி. கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

அவள் கையிலிருந்த பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். "தெரியும் க்கா. பொண்ணு பாக்க வந்தப்ப என்னக் கட்டிக்கப்போறவரு காப்பி டம்ளர் புடிச்சாரில்ல, கையப் பாத்தேன். நைனா கை மாதிரியே வெடிச்சிருந்துச்சு."

"தெரிஞ்சுமா சரின்னு சொன்ன?"

"இங்கயே இருந்தா மட்டும் ஏழுமலை சுனைத் தண்ணியா குடிக்கப்போறேன்? எங்க போனாலும் நம்ம ஜனம் தறி போட்ற எடத்துலதான பொண்ணு கேப்பாங்க. அவரு நல்லாப் பேசறாரு க்கா. எனக்குப் புடிச்சிருக்கு."

நான் மீதித் துணியைப் பிழிந்து கொடுத்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பந்தலில் வயிறாரச் சாப்பிட்டார்கள், எங்கள் தண்ணீரைக் குடித்தார்கள். சின்னம்மா ஒவ்வொரு டம்ளராக எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடிக்குப் பெண்ணை அழைத்து வந்தார்கள். வந்த இரண்டாம் நாள் தனியாகப் பஸ் ஏறித் திருப்பதிக்கு என் லேபுக்கே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "முழுகாம கீறேன் க்கா" என்றாள். நான் எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கூல்டிரிங்க்ஸ் பாட்டில், கழுவி, கழுத்து வரைக்கும் தண்ணீர்.

"அந்த வூட்டுத் தண்ணி. நானே புடிச்சுக்கினு வந்தேன்."

"கேன் தண்ணி வாங்கிக் குடிடி. நான் சொன்னேனில்ல."

"கேன் வாங்கறாங்க. வந்தவங்களுக்கு. உன் பேப்பர் வந்ததுலேர்ந்து சாயம் போட்ற ஊருக்கு வர்றவங்க தண்ணி கேக்கவே யோசிக்கறாங்களாம், அதுக்காவ மாமா வாங்கிப் போட்ருக்காரு. வூட்டு ஆளுங்களுக்கு போர்த் தண்ணிதான். எனக்கும் கேன் குடுங்கன்னு கேட்டா அத்தை ஏன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது? உங்க தண்ணி கெட்டதுன்னா? உங்க ஊர்த் தண்ணி கெட்டதுன்னு நெட்ல கீது, எங்க ஊரு எங்க கீதுன்னு கேப்பாங்க. எங்கயும் இல்லியே க்கா."

எங்கேயும் இல்லை. இருக்கிற ஒரே தாள் அவள் மாமனாரின் சட்டைப் பையில் போனது. அதைப் பிறகு அவர் என்ன செய்தார் என்றும் தெரியாது. நான் சரிசெய்ததாக நினைத்த காரியம்தான் இப்போது அவள் வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

"இத்தப் போடு" என்றாள்.

"அப்படிப் போட முடியாதுடி. வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். அவர் போட மாட்டாரு. வாக்கு வேற குடுத்திருக்கேன்."

"குடிக்கறவ நானு. வயித்துல கீறது என் கொழந்த. கையெழுத்து அவரு போடணுமா? எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியும், ஃபாரத்தக் குடு."

கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவள் மேஜையில் குனிந்து, வீட்டுக்காரர் என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேராகத் தன் பேரை முழுசாக எழுதினாள். ஸ்கூலில் எழுதினதைப் போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"இந்த வாட்டி நம்பர் போடாத க்கா. எம் பேரப் போடு."

கட்டுரையில் ஆளின் பேரைப் போட யாரும் விட மாட்டார்கள். அதையும் மீறிப் போட்டால், அவள் திரும்பிப் போய் வாழ வேண்டிய வீடு அது. பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போய், இரண்டு கேன் தண்ணீர் வாங்கி நகரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆடி முடிகிறவரைக்குமாவது ஆகட்டும் என்று நினைத்தேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "மறந்துடாத" என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். முதலில் வந்ததே வந்தது. மீதி பாட்டில் லேப் ஃப்ரிட்ஜில் என் தட்டில் இருக்கிறது. ஆடி போய் ஆவணியும் பிறந்துவிட்டது, அவள் அங்கே போய்விட்டாள். சின்னம்மா நாள் தவறாமல் போன் செய்து வளைகாப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போடுகிறாள். தினமும் காலையில் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது அந்த பாட்டில் கையில் தட்டுப்படுகிறது. லேபிள் ஒட்டியிருக்கிறேன், அதில் எண்ணும் எழுதவில்லை, பேரும் எழுதவில்லை. இதோ, இவ்வளவு எழுதினேனே, இதில்கூட நான் அவள் பேரை எழுதவில்லை.